எர்த் குழியில் முளைத்த தக்காளி

பங்குனி மாதம். காலை பத்து மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. வெம்பக்கோட்டைச் சாலையில் உள்ள ஒரு பட்டாசுக் கம்பெனியில், ஏழாம் நம்பர் ஷெட்டுக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தேன். எதிரே, நான்கு மாதத்துக்கு முன்பு நான் ஆள் வைத்துத் தோண்டிய எர்த் குழி. அதன் சிமெண்ட் மூடியில் ஏழு என்று மஞ்சள் பெயின்டில் நானே எழுதியிருந்தேன். குழியை ஒட்டித் தரை வெடித்துக் கிடந்தது. விளையாட்டாக அந்த வெடிப்புக்குள் கையை விட்டேன். முழங்கை வரை போனது.

விளையாட்டு அத்தோடு முடிந்தது. மீட்டரை மாட்டிப் பார்த்தேன். பத்துக்குள் காட்ட வேண்டியது நாற்பத்தொன்று காட்டியது.

மின்வேலை தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஷெட்டின் உச்சியில் இடிதாங்கி இருக்கும். அதிலிருந்து ஒரு செம்புப் பட்டை சுவரோடு இறங்கி மண்ணுக்குள் போகும். மண்ணுக்குள் ஆளுயரக் குழி, அதில் செம்புத் தகடு, தகட்டைச் சுற்றிக் கரியும் உப்பும். மேலே விழுகிற இடி பட்டை வழியாக இறங்கி மண்ணில் கலந்து காணாமல் போக வேண்டும். மண் ஈரமாக இருந்தால் சமத்தாக வாங்கிக்கொள்ளும், காய்ந்திருந்தால் வாங்காது. மீட்டரில் எண் குறைந்தால் நல்லது, கூடினால் ஆபத்து. என் தொழில் ரகசியம் இவ்வளவுதான்.

ஷெட்டுக்குள்ளே வெடிமருந்து இருக்கிறது. மண் வாங்காத இடி எங்கே போகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

சோதனைக்காக ஷெட்டைக் காலி செய்திருந்தார்கள். அங்கே வேலை பார்க்கும் நான்கு பெண்கள் தள்ளி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி பேச்சியம்மாள். வாய் சும்மா இருக்காதவள். நம்பர் கூடவா குறையவா என்று கேட்டாள். பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு மீட்டரைப் பைக்குள் வைத்தேன். பக்கத்தில் நின்ற மாரியப்பச் சித்தப்பா, வெயிலில் மிஷினுக்குக் கிறுக்குப் பிடித்திருக்கும் என்று ஆறுதல் சொன்னார். அவர் எங்கள் ஆமத்தூர்க்காரர், அப்பாவுக்குத் தம்பி முறை, குழி தோண்டுவதில் கெட்டிக்காரர். மிஷினுக்கு ஒன்றும் இல்லை, கிறுக்கு எனக்குத்தான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

நான் அடித்துப் போட்ட வரி

அந்தக் கிறுக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் படித்துவிட்டு விருதுநகரில் ஒரு மின் காண்டிராக்டர் அலுவலகத்தில் பன்னிரண்டு வருடம் கொட்டேஷன் அடித்தவள் நான். ஒவ்வொரு கொட்டேஷனின் கடைசியிலும் ‘இதர செலவுகள்’ என்று முதலாளி ஒரு வரி போடச் சொல்வார். பொருள் இவ்வளவு, கூலி இவ்வளவு என்று எழுதிய பிறகு அது என்ன இதர? கேட்டால் சிரிப்பார். கண்ணுக்குத் தெரியாமல் கை வைக்கிற வேலை என்று நான் மனதுக்குள் திட்டியிருக்கிறேன்.

அவர் வயதாகிக் கடையை மூடியதும் நானே காண்டிராக்ட் எடுக்கத் தொடங்கினேன். சின்னச் சின்ன வீட்டு வேலைகளுக்குப் பிறகு கிடைத்த முதல் பெரிய வேலை இந்தக் கம்பெனியின் இருபத்து நான்கு எர்த் குழிகள். கொட்டேஷன் எழுத உட்கார்ந்தபோது கடைசி வரியைப் பழக்கத்தில் எழுதிவிட்டு, அப்புறம் அடித்துப் போட்டேன். நேர்மையாகத் தொழில் செய்யப் போகிறேனாம். என் கணவர், அந்த வரியை அடித்த சந்தோஷத்தில் நான் இரண்டு தோசை கூடச் சாப்பிட்டதாக இன்றும் சொல்லிக் காட்டுகிறார்.

அது போதாதென்று இன்னொன்றும் செய்தேன். குழி வேலை முடிந்தது கார்த்திகையில். நல்ல மழை. கரிசல் மண் அல்வா பதத்தில் இருந்தது. மீட்டர் எல்லாக் குழியிலும் மூன்று, நான்கு என்று காட்டியது. கம்பெனிப் போர்மேன் ராஜாமணி, உள்ளே எது நடந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர், அதனால் எதற்கும் லேசில் தலையாட்டாதவர். இது எத்தனை நாளைக்கு நிற்கும் என்று கேட்டார். நான் பேனாவை வாங்கி, ஓராண்டுக்குப் பத்துக்குள் இருக்கும் என உறுதியளிக்கிறேன் என்று பில்லிலேயே எழுதி, அடிக்கோடும் போட்டுக் கொடுத்தேன்.

கரிசல் கோடையில் வெடிக்கும் என்பது ஆமத்தூரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். எட்டு வயதில் என் கொலுசு ஒன்று அப்படி ஒரு வெடிப்பில் விழுந்து, குச்சி விட்டுத் துழாவியும் கிடைக்காமல் போயிருக்கிறது. மழை பெய்தால் மண் சேர்ந்து மேலே தள்ளிவிடும் என்று அப்பா சொன்னதை நம்பி இரண்டு மழைக்காலம் காத்திருந்தேன். அப்படிக் கொலுசைப் பறிகொடுத்தவள்தான், அந்த மண்ணை நம்பி அடிக்கோடு போட்டுக் கையெழுத்தும் போட்டேன். படித்த படிப்பு பிறந்த மண்ணை மறக்கடித்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

பருத்திச் சட்டை, பஞ்சர், பரோட்டா

வெடித்த மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றிய கதைக்குப் போகும் முன், அந்த அடித்துப் போட்ட ஒரு வரிக்குள் என்னவெல்லாம் குடியிருந்தன என்று சொல்லிவிடுகிறேன்.

முதல் நாளே சட்டை வந்தது. பட்டாசுக் கம்பெனிக்குள் பருத்தித் துணி மட்டும்தான். மற்ற துணிகள் உரசினால் பொறி வரும். மாரியப்பச் சித்தப்பாவும் இன்னும் மூன்று ஆட்களும் கல்யாணத்துக்குப் போவது போலப் பளபளவென்று சட்டை போட்டு வந்து நின்றார்கள். கேட்டில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சிவகாசிக்குப் போய் நாலு பருத்திச் சட்டை, நாலு வேட்டி வாங்கிக்கொண்டு திரும்பும்போது அரைநாள் போயிருந்தது. எந்தக் கொட்டேஷனில் சட்டை எழுதுவார்கள்?

அடுத்தது கடப்பாரை. மருந்து இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இரும்பு ஆகாது. அதனால் ஷெட்டைக் காலி செய்து கழுவிவிட்ட நாளில் மட்டும்தான் தோண்டலாம். தீபாவளி முடிந்து கம்பெனி அடைத்துக் கிடந்த நாட்களில் பாதி ஓடியது. மீதிக்கு ஞாயிற்றுக்கிழமைகள். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வர ஆட்களுக்குக் கறிச்சோறு போட வேண்டும், அது எழுதப்படாத சட்டம்.

போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். நான் உள்ளே இருந்த ஒரு மதியம், வயரிங் வேலைக்காக மூன்று நாளாக நான் துரத்திக்கொண்டிருந்த ஒரு வீட்டுக்காரர் நாலு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்.

மெயின் ரோட்டிலிருந்து கம்பெனிக்குப் போகிற மண்பாதை நெடுகக் கருவேல முள். என் ஸ்கூட்டர் வாரம் ஒரு தடவை பஞ்சர். கேட்டுக்கு எதிரே பஞ்சர் கடை வைத்தால் அந்தக் கம்பெனியை விட லாபம் வரும் என்று நான் சொன்னதைச் சித்தப்பா ஒரு வாரம் தீவிரமாக யோசித்தார்.

சித்தப்பாவே ஒரு தனிச் செலவு. கரியும் உப்பும் வாங்க விருதுநகர் பஜாருக்குப் போகும்போதெல்லாம் மூட்டை தூக்கக் கூட வருவார். மூட்டை தூக்குகிறாரோ இல்லையோ, எண்ணெய்ப் பரோட்டா சாப்பிடாமல் திரும்ப மாட்டார். மொறுமொறுவென்று எண்ணெயில் பொரித்து, பிய்த்துப் போட்டுச் சால்னாவை ஊற்றினால் அந்தச் சத்தம் கேட்பதற்கே காசு கொடுக்கலாம் என்பார். கொடுத்தது நான்.

எல்லாவற்றுக்கும் மேல் தீபாவளிப் பெட்டி. செம்புப் பட்டை நான் வாங்குவது மதுரையில். சிவகாசிப் பக்கத்து ஆள் என்று தெரிந்தால் வெளியூரில் எல்லோருக்கும் ஒரே நினைப்பு, எங்கள் வீட்டுக் கொல்லையில் மத்தாப்பு காய்க்கிறது என்று. நானும் கடைக்குப் போய்க் காசு கொடுத்துத்தான் வாங்குகிறேன் என்றால் நம்ப மாட்டார்கள். ஒரு வருடம் பட்டைக் கடைக்காரருக்கு மரியாதைக்காக ஒரு பெட்டி கொடுத்தேன். மறு வருடம் அவருடைய கணக்குப்பிள்ளை, மச்சினர், எதிர்க்கடைக்காரர் என்று ஒன்பது பெட்டி ஆயிற்று. அதில் ஒருவர் தீபாவளிக்கு மறுநாள் போன் செய்து, போன தடவையை விட ராக்கெட் குறைவு என்று மனம் நொந்தார்.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். சிரித்துக்கொண்டேதான் தாங்கினேன். தாங்க முடியாமல் போனது தண்ணீரிடம்.

குடத்தில் போன லாபம்

இருபத்து நான்கு குழிகளையும் சோதித்ததில் பத்துக்குள் இருந்தவை மூன்று. ராஜாமணி எண்களைக் கேட்டுவிட்டுச் சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனியில் ஆய்வுக்கு அதிகாரி வருவார், அவர் தன் மீட்டரைக் கொண்டு வருவார், பத்துக்கு மேல் காட்டுகிற ஷெட்டைத் திறக்க விட மாட்டார், ஒரு ஷெட் அடைத்தால் நாலு பேருக்கு வேலை இல்லை என்று நிதானமாகச் சொன்னார். தீபாவளி ஆர்டர் சூடு பிடிக்கிற நேரம் அது. அப்புறம் என் பில்லை எடுத்து, நான் போட்ட அடிக்கோட்டின் மேல் விரலை வைத்துக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மண்ணுக்கு வேண்டியது ஈரம். ஒரு குழிக்குத் தினம் இரண்டு குடமாவது ஊற்ற வேண்டும். தண்ணீர் வண்டியை வரவழைக்கலாம் என்றால், ஷெட் வரிசைக்குள் வண்டி நுழையக் கூடாது. இடுப்பில் சுமந்துதான் போக வேண்டும். அதிலும் ராஜாமணியின் கட்டளை ஒன்று இருந்தது. சில மருந்துகள் ஈரம் பட்டால் சூடாகித் தானே பற்றிக்கொள்ளும், அதனால் ஷெட் வாசல் பக்கம் ஒரு சொட்டுச் சிந்தக் கூடாது. சுற்றிக்கொண்டு பின்பக்கமாகவே போக வேண்டும். நூறு அடி நடக்க வேண்டியது முன்னூறு அடி ஆயிற்று.

சித்தப்பா இரண்டு நாள் சுமந்தார். மூன்றாம் நாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தார். வேறு இரண்டு ஆட்களைக் கூலிக்கு வைத்தேன். ஆனி வரை இப்படிச் சுமந்தால் இந்த வேலையில் நிற்கும் என்று நான் நினைத்திருந்த லாபம் அவ்வளவும் குடத்தில் போய்விடும். அதற்குப் பிறகும் உத்தரவாதம் கார்த்திகை வரை ஓடும். பத்து நாள் ஊற்றியதில் நாற்பத்தொன்று இருபத்தாறுக்கு வந்தது. அதோடு நின்றுவிட்டது. ஊற்றுகிற தண்ணீர் வெடிப்பு வழியாக எங்கோ பாதாளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

அந்த நாட்களில்தான் என் பழைய முதலாளியை மனதார நினைத்துக்கொண்டேன். அவர் கை வைக்கவில்லை, கையைக் காப்பாற்றிக்கொண்டார் என்று விளங்கியது.

வாசலில் நின்ற நேரம்

பங்குனிக் கடைசியில் ஒரு மதியம், சாத்தூர்ப் பக்கமாக மேகம் கறுத்தது. தூரத்தில் உருட்டுகிற சத்தம் கேட்டதும் கம்பெனியில் மணி அடித்தார்கள். இடி கேட்டால் போட்டது போட்டபடி எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும், இதில் ராஜாமணிக்குச் சமரசமே கிடையாது. ஷெட்டுகளிலிருந்து பெண்கள் வரிசையாக வந்தார்கள். கையெல்லாம் வெள்ளிப்பொடி மினுங்கியது. நானும் என் இரண்டு ஆட்களும் குடத்தை வைத்துவிட்டு அவர்களோடு வெளியேறினோம்.

கேட்டுக்கு வெளியே போனதும் பாதிப் பேர் புளியமரத்தடிக்குப் போனார்கள். நான் எல்லோரையும் அங்கிருந்து விரட்டி வேன் நிறுத்துகிற காங்கிரீட் கொட்டகைக்குள் தள்ளினேன். இடி நேரத்தில் மரத்தடி ஆகாது என்று பெரிய உபதேசம் செய்தேன். இடியைப் பற்றி இவ்வளவு தெரிந்தவள் என்று என்னைப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது.

பேச்சி என் பக்கத்தில் வந்து நின்றாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

“எக்கா, ஒங்க கம்பி இடியப் பிடிச்சிருமா?”

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பிடித்துவிடும் என்று சொன்னால் அவள் நிம்மதியாகப் போயிருப்பாள். ஆனால் ஏழாம் நம்பர் ஷெட்டில் தினமும் எட்டு மணி நேரம் உட்காருகிறவள் அவள். இடி எல்லா நாளும் மணி அடிக்கிற வரை காத்திருக்காது. எனக்குப் பயம்தான், வேறொன்றுமில்லை.

“ஈரம் இருந்தாப் பிடிக்கும் பேச்சி. இப்ப மண்ணுல ஈரம் இல்ல. நான் எம்புட்டு ஊத்தினாலும் நிக்க மாட்டேங்குது.”

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. வெடித்த மண்ணுக்குக் குடம் குடமாக ஊற்றுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாள். கல்யாணத்துக்கு முன்பு வரை வெம்பக்கோட்டைப் பக்கம் மிளகாய்த் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிய கூலிக்காரி அவள். வெடித்த மண்ணில் ஒரேயடியாக ஊற்றினால் தண்ணீர் ஓடிவிடும், சன்னமாக விட்டுக்கொண்டே இருந்தால்தான் மண் உப்பி வெடிப்பு மூடும், இது தெரியாமல் என்ன படிப்பு படித்தீர்கள் என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம்.

சன்னமாக விட்டுக்கொண்டே இருக்கத் தண்ணீருக்கு எங்கே போவது என்றேன்.

“சோத்துக்கு முன்னால எரநூறு பேரு கை கழுவுறோம். தின்னுட்டுத் தூக்குவாளியக் கழுவுறோம். அந்தத் தண்ணி எங்கன போகுதுன்னு பாத்தீகளா?”

நான் பார்த்ததில்லை.

“ரோட்டோரக் கருவேலங்காட்டுக்குப் போகுது. முள்ளு வளக்குறோம்க்கா நாங்க.”

என் ஸ்கூட்டரின் பஞ்சர்கள் அத்தனையும் ஒரு நொடியில் நினைவுக்கு வந்தன. அவ்வளவு கவலையிலும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பேச்சிக்கு ஏன் என்று புரியவில்லை. அன்று நாலு தூறல் போட்டுவிட்டு மேகம் கலைந்தது. இடி எங்கள் பக்கம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வாய்க்கால்

மருந்துக் கை கழுவுகிற தொட்டி தனி, சாப்பாட்டுத் தொட்டி தனி. மருந்துத் தண்ணீரைத் தொடக் கூடாது, சாப்பாட்டுத் தண்ணீர் என்றால் சரி என்று ராஜாமணி சம்மதித்தார். வாய்க்கால் ஷெட் சுவரிலிருந்து தள்ளித்தான் போக வேண்டும், பக்கத்தில் வருகிற இடங்களில் பிளாஸ்டிக் குழாய் பதிக்க வேண்டும், மண்வெட்டி ஞாயிறு மட்டும்தான் என்று மூன்று நிபந்தனை போட்டார். மூன்றும் சரியான நிபந்தனைகள்.

ஞாயிறு அன்று பேச்சியும் இன்னும் ஐந்து பெண்களும் வந்தார்கள். தொட்டிக்குக் கீழே பேச்சி ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு, அது ஓடுகிற வழியிலேயே பின்னால் நடந்தாள். நின்ற இடத்தில் கல்லை வைத்தாள். மறுபடி ஒரு குடம். என்னிடம் மட்டம் பார்க்கிற குழாய் இருந்தது. அதைப் பையிலிருந்து எடுக்கவே வெட்கமாக இருந்தது. பொழுது சாய்வதற்குள் இருபத்து நான்கு குழிகளையும் தொட்டுப் போகிற மாதிரி இரண்டு கிளை வாய்க்கால் ஓடியது. ஒரு நாள் கிழக்கு வரிசை, மறுநாள் மேற்கு வரிசை. வேலைக்குத் திரும்பும்போது காலால் மண்ணைத் தள்ளி மடையை மாற்றிவிடுவது தன் பொறுப்பு என்றாள் பேச்சி.

எல்லோருக்கும் நாள் கூலி கொடுத்தேன். பேச்சி தன்னுடையதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, இன்னொன்று வேண்டும் என்றாள். யோசனைக்குக் கூலி கேட்கிறாள், கேட்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

“தொட்டிக்கு மேல ஒரு கூரை போட்டுத் தாங்கக்கா. உச்சி வெயில்ல அங்கன நிக்க முடியல. கொழாயத் தொட்டாச் சுடுது. ரெண்டு வருசமாக் கேக்குறோம். பட்டாசு செய்யிற எடத்துக்குத்தான் கூரை, கை கழுவுற எடத்துக்கு எதுக்குங்காக.”

அப்போதுதான் தொட்டியை நிமிர்ந்து பார்த்தேன். சுற்றி ஒரு பொட்டு நிழல் இல்லை. பத்து நாளாக அதிலிருந்து குடத்தில் தண்ணீர் மொண்டிருக்கிறேன், எனக்கு அது கண்ணில் பட்டதே இல்லை. ஆய்வு முடியட்டும், போட்டுத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். எதையும் எழுதிக் கொடுக்கிற பழக்கத்தை அந்த மாதத்தோடு விட்டிருந்ததால் வாய்வார்த்தைதான். பேச்சிக்கு அது போதும் என்று பட்டது.

பிஞ்சு விட்டது

சித்திரையில் வெடிப்புகள் மூடின. வைகாசியில் ஏழாம் நம்பர் குழி ஒன்பதுக்கு வந்தது. மீட்டரில் அந்த எண்ணைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. சித்தப்பா மறுபடி மிஷினைச் சந்தேகப்பட்டார்.

கூடவே எதிர்பாராத ஒன்று நடந்தது. தூக்குவாளி கழுவுகிற தண்ணீரில் ரசத்துத் தக்காளி விதையெல்லாம் வருமல்லவா? குழிக்குக் குழி தக்காளி முளைத்தது. சில இடத்தில் பாகல் கொடியும். நெருப்பு பயத்தால் ஒரு புல் கூட இல்லாமல் செதுக்கி வைத்திருக்கும் இடத்தில், மஞ்சள் எண் எழுதிய என் சிமெண்ட் மூடிகளைச் சுற்றிப் பச்சைப் பசேலென்று செடிகள் நின்றன.

ராஜாமணி பார்த்துவிட்டு, ஷெட்டைச் சுற்றிச் செடி கொடி இருக்கக் கூடாது, காய்ந்தால் நெருப்புக்கு விருந்து, அதிகாரி வருவதற்குள் எல்லாவற்றையும் பிடுங்கிவிட வேண்டும் என்றார். நானும் அவர் பக்கம்தான். செடி தண்ணீரைக் குடிக்கும், எனக்கு அதில் என்ன லாபம்? சித்தப்பா ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு வந்தார். ஏழாம் நம்பருக்கு வந்ததும் பேச்சி குறுக்கே நின்றுகொண்டாள். அதில் பிஞ்சு விட்டிருந்தது. காய் பழுத்ததும் தானே பிடுங்கிவிடுவதாகச் சொன்னாள். சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் போர்மேனைப் பார்த்தேன். அவர் கேட் பக்கம் ஏதோ வேலை இருப்பதாக நினைவு வந்து போய்விட்டார்.

ஆனியில் அதிகாரி வந்தார். கண்ணாடி போட்ட, சிரிக்காத மனிதர். தன் மீட்டரைத் தானே மாட்டினார். ஒன்று முதல் ஆறு வரை பத்துக்குள். நான் ஒவ்வொரு குழிக்கும் மூச்சைப் பிடித்து விட்டுக்கொண்டு கூடவே நடந்தேன். ஏழாம் நம்பர் ஷெட்டின் நான்கு பெண்களும் தள்ளி நின்று பார்த்தார்கள், பங்குனியில் நின்ற அதே இடம்.

அதிகாரி மீட்டரை மாட்டாமல் செடியைப் பார்த்தார். நாலைந்து காய், அதில் ஒன்று சிவக்கத் தொடங்கியிருந்தது. இது என்ன என்றார். ராஜாமணி என் பக்கம் திரும்பினார். என் வாய்தான் திறந்தது.

“அது அடையாளச் செடி சார். குழி காய ஆரம்பிச்சா மொதல்ல செடி வாடும். மீட்டர் இல்லாத நாள்லயும் பாத்துத் தெரிஞ்சுக்கலாம்.”

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. சொல்லி முடித்த பிறகுதான், அது பொய் இல்லையே என்று எனக்கே தோன்றியது. அதிகாரி என்னை ஒரு நிமிடம் பார்த்தார். மீட்டரை மாட்டினார். ஏழு காட்டியது. காய்ந்து சருகாகும் முன்பு பிடுங்கிவிட வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு எட்டாம் நம்பருக்கு நடந்தார். பின்னால் பேச்சி சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. இருபத்து நான்கும் தேறின.

ரெண்டடி

கூரை போட்டேன். அதற்கும் ஒரு கேள்வி வந்தது. எர்த் காண்டிராக்டர் எதற்குக் கை கழுவும் தொட்டிக்குக் கூரை போடுகிறார் என்று மேனேஜர் கேட்டனுப்பினார். தொட்டித் தண்ணீர் வெயிலில் ஆவியாகிப் போனால் குழிக்கு ஈரம் குறையும் என்று சொல்லியனுப்பினேன். இடி விஷயம் என்றால் எந்த மேனேஜரும் மறுபேச்சுப் பேசுவதில்லை என்பதை அன்று கண்டுபிடித்தேன். பாதிச் செலவைக் கம்பெனியே ஏற்றுக்கொண்டது.

கூரை வேலை முடிந்த மறுநாள் மதியம் போயிருந்தேன். இரண்டு மணி வெயில். தொட்டியைச் சுற்றிப் பெண்கள் நிழலில் நின்று ஆற அமரக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். நன்றி சொல்வார்கள் என்று ஒரு ஓரமாக, தெரிகிற மாதிரி நின்றேன். பேச்சி குழாயை மூடிவிட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

“மேற்கால ரெண்டடி நீட்டியிருக்கலாம்லக்கா. கடசில நிக்கிறவளுக்கு முதுகு காயுது.”

ஏழாம் நம்பர் தக்காளியில் தொக்கு வைத்து ஒரு சின்ன டப்பாவில் கொண்டு வந்திருந்தாள். அதை என் கையில் திணித்துவிட்டு, மடையைக் காலால் தள்ளிக்கொண்டே வேலைக்குப் போய்விட்டாள்.

இப்போதெல்லாம் என் கொட்டேஷனில் ‘இதர செலவுகள்’ வரி இருக்கிறது. அதற்குள் சட்டை, கறிச்சோறு, பஞ்சர், பரோட்டா, ராக்கெட் குறையாத ஒன்பது பெட்டி எல்லாம் அடக்கம். பேரம் பேசினால் அதில் கொஞ்சம் குறைத்துக்கொள்வேன். அதற்கு மேலே தனியாக இன்னொரு வரி உண்டு: எர்த் பராமரிப்புத் தொட்டிக்கு நிழற்கூரை. அதில் கை வைக்க விடுவதில்லை.

சென்ற மாதம் சாத்தூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில், கணக்கில் கெட்டிக்காரரான ஒரு மேனேஜர் அந்த வரியில் பேனாவை நிறுத்தினார். தொட்டியின் அளவையும் கூரையின் அளவையும் மாறி மாறிப் பார்த்தார். மேற்குப் பக்கம் மட்டும் இரண்டடி கூடுதலாக இருக்கிறதே, எர்த்துக்கு அது அவசியமா என்று கேட்டார்.

கட்டாயம் அவசியம் என்றேன். கையெழுத்துப் போட்டார்.